எதிராளியின் பதிலையும் நானே எழுதினேன்

இருபத்து மூன்று வருடங்களாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அத்தனை வருடங்களில், தமிழ் தெரியாத ஒரு மனிதரிடம் ஒரு நிமிடம்கூட நான் இங்கிலீஷில் பேசியதில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் வந்ததில்லை. காலையில் சேலம் அம்மாபேட்டையில் பஸ் ஏறி, ராசிபுரத்தில் மாறி, திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் அரசுப் பள்ளி வாசலில் இறங்கினால் அங்கே எல்லாம் தமிழ்தான். தலைமையாசிரியர் தமிழ், சத்துணவுக்காரம்மா தமிழ், நான் நடத்துகிற இங்கிலீஷ் பாடத்திலும் முக்கால்வாசி தமிழ். ஒரு வரியைப் படிப்பேன், அர்த்தத்தைத் தமிழில் சொல்வேன், கேள்விக்கு விடையைப் பலகையில் எழுதிப்போடுவேன், பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டு போய் உருப்போடுவார்கள். பத்தாம் வகுப்பில் என் பாடத்தில் தவறுகிறவர்கள் அபூர்வம். எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவளை நாமக்கல்லுக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். "டீச்சர் பேசுறது கம்மியா இருக்கணும், பசங்க பேசுறது ஜாஸ்தியா இருக்கணும்" என்றாள். அது கூடப் பரவாயில்லை. "தப்பாப் பேசினா நடுவுல பூந்து திருத்தாதீங்க மேடம். திருத்தினா பேச்சு நின்னு போயிடும்" என்றாளே, அப்போதுதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து நின்று கேட்டுவிட்டேன்.

"திருத்தறதுக்குத்தானம்மா எனக்குச் சம்பளமே குடுக்கறாங்க. அதையும் விட்டுட்டா நான் எதுக்கு? வாட்ச்மேன் வேலை பாக்கவா?"

அறை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். "திருத்துங்க மேடம். கொஞ்சம் பொறுத்துத் திருத்துங்க" என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூட நான் ஜெயித்திருப்பேன். அவள் அப்படிச் சிரித்ததில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கற்றுக்கொடுத்ததில் ஒன்று அட்டை விளையாட்டு. இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருத்தி கையில் இருக்கும் அட்டையில் பாதி விவரம், மற்றவள் அட்டையில் மீதி. காட்டக் கூடாது. வாயால் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அதுவும் இங்கிலீஷில். பஸ் எத்தனை மணிக்கு, கடையில் என்ன இருக்கிறது, காணாமல்போன பை என்ன நிறம், இப்படி. வகுப்பைப் பார்வையிட வருவார்கள் என்று சொன்னதால் வேறு வழியில்லாமல் செய்தேன். வீட்டில் சேர்ந்துகிடந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் எழுதி, ஒரு பையன் பண்ணையிலிருந்து கொண்டுவந்த முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகச் செருகிவைத்தேன். ஒன்பதாம் வகுப்பில் முதல்நாள் அந்த விளையாட்டை ஆரம்பித்தபோது எழுந்த சத்தம் இருக்கிறதே, அடேயப்பா! பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் வந்து, "என்னங்க டீச்சர், சந்தை கூடிருச்சுங்களா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தச் சந்தையில் ஒரு பெண் மட்டும் அசராமல் கேட்டுக்கொண்டிருப்பாள். மெலிந்த பெண், இரட்டைப் பின்னல், பரீட்சையில் பாஸ் மார்க்கைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும். ஆனால் அட்டை கையில் வந்துவிட்டால் எதிரில் இருப்பவளை விடமாட்டாள். "பஸ் வென் கோ? நோ, நோ, மார்னிங் பஸ். வென்?" விவரம் கைக்கு வரும்வரை அப்படியே பிடுங்குவாள். நான் பொறுக்க மாட்டாமல் போய்த் தலையில் ஒரு தட்டு தட்டுவேன். "வாயத் தொறந்தாலே தப்பு. ஒழுங்கா ஒரு வாக்கியம் சொல்லு பாக்கலாம்." உடனே அவள் வாய் மூடிக்கொள்ளும். அந்தப் பயிற்சிக்காரப் பெண் சொன்னது எனக்கு ஞாபகம் வரும். ஞாபகம் வந்தால் இன்னும் கோபம் வரும்.

அந்தப் பெண்ணின் அப்பா ரிக் வேலைக்காரர். ஆழ்துளைக் கிணறு, அதான் போர், போடுகிற வண்டியோடு போகிறவர். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். வகுப்புக்கு நாலைந்து பேரின் அப்பாக்கள் வடக்கே எங்கேயாவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். இவளுடைய அப்பா அதையும் தாண்டி ஆப்பிரிக்காவுக்கு, தான்சானியாவுக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாராம். திங்கட்கிழமை வகுப்பில் அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், முந்தின நாள் அப்பா பேசியிருக்கிறார் என்று.

ஒரு திங்கட்கிழமை அவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எதிரில் இருந்தவள் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. நான் போய், "என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்றேன். தலையைத் தூக்கவில்லை. மறுபடியும் கத்தினேன். எதிரில் இருந்தவள்தான் எழுந்து, "மிஸ், அவங்கப்பா ரண்டு வாரமாப் பேசலீங்க மிஸ். போன் பண்ணுனா சுச்சாஃப்னு வருதுங்க" என்றாள். எனக்குச் சப்பென்று அறைந்த மாதிரி இருந்தது. "உக்காருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பிவந்துவிட்டேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாய்க்குத் திட்டுவதற்குத்தான் வேகம் உண்டு.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர். வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டிருந்தார். என்னை வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, எங்க ஊட்டுக்காரருகிட்டருந்து பதினேழு நாளாப் பேச்சில்லீங்க. வண்டி ஓனரக் கேட்டா, உள்காட்டுல போர் பாயிண்டு போட்டுட்டு இருக்காங்க, டவர் கெடைக்காதும்மா, பயப்படாதேங்கறாருங்க. எப்புடிங்க பயப்படாம இருக்கறது? அவரு கூடப் போனவரு சம்சாரம் ஒரு நம்பரு வெச்சிருந்தாங்க. அங்கத்த ஆளுதானாம், சூப்பரவைசராம். ஆனா இங்கிலீசுலதான் பேசோணுமாம்." கையில் மடித்து வைத்திருந்த சீட்டை நீட்டினார். "நீங்க இங்கிலீசு டீச்சரு. உசுரோட இருக்காரான்னு ஒரே ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க சாமி. போதும்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த மனிதருக்கு என்ன ஆயிற்றோ என்றா? இல்லை. அதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. போனில் இங்கிலீஷில் பேச வேண்டுமே என்றுதான். "இப்ப எனக்கு பீரியடும்மா. நாளைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வாங்க, நிதானமாப் பேசிடலாம்" என்றேன். அப்போது எனக்கு எந்த பீரியடும் இல்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வாரேனுங்க" என்று போனார். பதினேழு நாள் காத்திருந்தவரை என் பயத்துக்காக இன்னும் ஒரு நாள் காக்கவைத்தேன்.

அன்று சாயங்காலம் ராசிபுரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் நோட்டை எடுத்தேன். பரீட்சையில் உரையாடலைப் பூர்த்தி செய்க என்று ஒரு கேள்வி வருமே, அதே பாணியில் எழுத ஆரம்பித்தேன். நான் இப்படிச் சொல்வேன், அதற்கு அவர் இப்படிச் சொல்வார், அப்போது நான் இப்படிக் கேட்பேன். சூப்பர்வைசர் பேச வேண்டியதையும் நானே எழுதினேன். 'கண்டிப்பாக மேடம், சற்றுப் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்' என்று அவர் வாயில் நல்ல இலக்கணமான இங்கிலீஷை வைத்தேன். சேலம் வருவதற்குள் இரண்டு பக்கம் ஆகிவிட்டது. ஒரு பிழை கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது, என்னத்தைச் சொல்ல.

மறுநாள் நாலரை மணிக்கு ஒன்பதாம் வகுப்பு அறையில் நாங்கள் மூன்று பேர்தான். நான், அந்தப் பெண், அவளுடைய அம்மா. அங்கே அப்போது மத்தியானம் இரண்டு மணி இருக்கும் என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். என் போனில் வாட்ஸ்அப்பில் அந்த நம்பரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் நோட்டை விரித்துக்கொண்டேன். மணி நாலைந்து தடவை அடித்த பிறகு ஒரு ஆண்குரல், "ஹலோ?" என்றது.

நான் முதல் வரியைப் படித்தேன். "குட் ஆஃப்டர்நூன் சார். ஐ ஆம் காலிங் ஃப்ரம் இந்தியா டு என்கொயர் அபௌட் த வெல்ஃபேர் ஆஃப் ஒன் ஆஃப் யுவர் ஒர்க்கர்ஸ்."

"ஹலோ? சாரி? வாட்?"

இது என் நோட்டில் இல்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த மனிதருடைய பெயரையாவது சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டாவது வரியைப் படித்தேன். அவர் ஏதோ கேட்டார், எனக்குப் பிடிபடவில்லை. காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. நான் மூன்றாவது வரிக்குப் போனேன். அவர் மறுபடியும் "ஹூ? ஹூ?" என்றார். நான், அவர் எனக்கு ஒரு விவரமும் சொல்லாதபோதே, "தேங்க் யூ வெரி மச் ஃபார் த இன்ஃபர்மேஷன், சார்" என்று கடைசி வரியைப் படித்துவிட்டேன். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

"என்னங்க டீச்சரம்மா சொன்னாரு?" அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைன் சரியில்லம்மா" என்றேன்.

லைன் கணீரென்று இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். நான் எத்தனை தடவை அவளை வகுப்பு நடுவில் நிறுத்திவைத்து, 'தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு' என்று கத்தியிருக்கிறேன். எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"மிஸ், நான் கேக்கட்டுங்களா?" என்றாள் மெதுவாக.

நான் போனை அவள் பக்கம் நகர்த்தினேன். வேறு என்ன செய்ய? அவளே அந்த நம்பரை மறுபடி அழுத்தினாள். இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றி, அட்டை விளையாட்டில் குனிவாளே, அதே மாதிரி போனை நோக்கிக் குனிந்தாள்.

"ஹலோ சார். மை ஃபாதர். இந்தியா. தமிழ்நாடு. போர்வெல் ரிக். வேர்?"

அந்தப் பக்கத்திலிருந்து "ஆ, ரிக்! இந்தியா! யெஸ், யெஸ். வாட் நேம்?" என்று வந்தது.

அவள் அப்பா பெயரைச் சொன்னாள். அந்தப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஃபோர் இந்தியன் ஹியர். விச்?" என்றார். அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "தின் மேன். டால். பிக் ஹேர், நோஸ் டவுன்." மூக்குக்குக் கீழே விரலால் இழுத்துக் காட்டினாள், அவர் பார்க்கிறார் என்பது போல. மீசைக்கு இங்கிலீஷ் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. என் கை அவள் தலையைத் தட்ட எழுந்தேவிட்டது. கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். "யெஸ்! ஐ நோ! ஐ நோ!" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னார். "ஹீ இஸ் சிக். மலேரியா. ஹாஸ்பிடல். மெனி டேஸ்."

அம்மாவுக்கு 'ஹாஸ்பிடல்' புரிந்துவிட்டது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். அடுத்து அவள் கேட்டதை நான் எந்த அட்டையிலும் எழுதிவைத்ததில்லை.

"நோ டை?"

"நோ, நோ! நோ டை!" அந்த மனிதர் பதறிப்போனார். "நவ் குட். ஸ்மால் குட். ஈட்டிங் லிட்டில். போன் பிரோக்கன், ஃபால் இன் வாட்டர். அதர் இந்தியன் கோ வித் ரிக், ஃபார். நோ நெட்வொர்க்."

அவள் நிமிர்ந்து அம்மாவிடம் ஒரே மூச்சில் சொன்னாள். "அம்மா, உசுரோட இருக்காருங்க. மலேரியாக் காச்சல். ஆஸ்பத்திரில இருக்காரு. இப்பத் தேவலையாம். போனு தண்ணில உழுந்துருச்சாம். கூட இருந்தவங்க வண்டியோட வேற பாயிண்டுக்குப் போயிட்டாங்களாம்." அந்த அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு சொல் தப்பாமல் சொல்லிவிட்டாள் பெண். அத்தனையும் எனக்கும் புரிந்தது. அவர் பேசியது ஒன்றும் வெள்ளைக்காரர் இங்கிலீஷ் இல்லை. எங்களை மாதிரியே எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. முதல் தடவை பயத்தில் என் காதில்தான் ஒன்றும் ஏறவில்லை.

அவர் மறுபடி பேசினார். "பிஃபோர், ஒன் லேடி கால். டூ மச் இங்கிலீஷ். ஐ ஃபியர். ஐ கட். சாரி." முன்னால் ஒரு அம்மா பேசினார்கள், ரொம்ப ஜாஸ்தி இங்கிலீஷ், எனக்குப் பயமாகிப்போச்சு, வைத்துவிட்டேன் என்கிறார். பெண் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் நானும் ஒருவருக்கு ஒருவர் பயந்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம், நடுவில் ஒரு மனிதரின் உயிர் விவரம் கிடக்கிறது.

அவள் அதோடு விடவில்லை. விவரம் கைக்கு வந்தால் போதுமா, ஆள் லைனில் வர வேண்டாமா? "சார், யூ கோ ஹாஸ்பிடல். கிவ் போன். ஃபாதர்."

"ஓகே. டுமாரோ ஐ கோ."

"நோ டுமாரோ. நவ், சார். மை மதர் க்ரை. நவ்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஓகே. நவ். ஹாஸ்பிடல் நியர். வெயிட். நோ கட்."

நாங்கள் காத்திருந்தோம். போனில் ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம், காற்று, யாரோ யாரிடமோ அந்த ஊர் பாஷையில் ஏதோ கேட்பது, பிறகு செருப்புச் சத்தம். பள்ளி வாட்ச்மேன் பூட்டுவதற்குச் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். நான் கையைக் காட்டியதும் வெளியே போய் நின்றுகொண்டார். பெண் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அடுத்து என்ன கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல.

போன் கைமாறுவது கேட்டது. கட்டில் கிரீச்சிட்டது. யாரோ கனமாக மூச்சுவிட்டார்கள்.

இவ்வளவு நேரம் ஓடிய ஓட்டத்தில் அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. "ஹலோ! ஹலோ! யூ குட்? யூ ஈட்?" என்றாள் சத்தமாக.

சுரத்தே இல்லாத ஒரு குரல், படுக்கையில் எழுந்து உட்காரப் பார்க்கிற மாதிரி அவசரமாகச் சொன்னது.

"யெஸ் சார். குட் சார். டுமாரோ ஒர்க் சார்."

பெண்ணின் வாய் திறந்தபடியே நின்றது. இங்கிலீஷில் பேசுகிற குரல் எதுவானாலும் அந்த மனிதருக்கு முதலாளிதான் போலிருக்கிறது. அந்தப் பக்கத்துக் குரல் பயந்துபோய் மறுபடி சொன்னது. "ஷ்யூர் சார். டுமாரோ ஒர்க் சார்."

அவளுக்கு எந்தப் பாஷையும் வரவில்லை. அம்மாதான் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, போனுக்கு மேல் குனிந்து, உடைந்த குரலில், "ஏனுங்க, நாங்கதானுங்க. பேசுனது நம்ம புள்ளைங்க" என்றார்.

"புள்ளையா? நம்ம சாமியா பேசுச்சு?"

அவள் போனை இரண்டு கையாலும் எடுத்து, ஸ்பீக்கரில் இருப்பதையும் மறந்து, காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நாந்தானுங்கப்பா," என்றாள். "நாளைக்கு வேலைக்குப் போவ வேண்டாமுங்கப்பா. படுத்துக்குங்க."